கால்க்கில் சார்ட் போடுவது: எந்தக் கேள்விக்கு எந்தப் படம், எப்படி?

லிப்ரே ஆஃபிஸ் தொகுப்பின் அட்டவணை மென்பொருளான கால்க்கில் சார்ட் போட நான்கைந்து கிளிக் போதும். வந்து நிற்கும் படம்தான் பல நேரம் நாம் கேட்டதாக இருப்பதில்லை. ஆண்டுகளே தனித் தூணாக எழுந்து நிற்கும். மாவட்டப் பெயர்கள் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு கோடு காரணமில்லாமல் பூஜ்யத்துக்குப் போய்த் திரும்பும். இவற்றைச் சரிசெய்யப் பலரும் சார்ட் மெனுவிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் அட்டவணையில்தான் இருக்கும். அதனால் இங்கே அட்டவணையிலிருந்தே தொடங்குகிறோம்.

உதாரணத்துக்குத் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரே எண்களை வெவ்வேறு வகைப் படமாகப் போட்டுப் பார்த்தால்தான் ஒவ்வொரு வகையும் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது பிடிபடும். எக்செலில் வேலை செய்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

| ஆண்டு | மக்கள்தொகை | 1000 ஆண்களுக்குப் பெண்கள் | நகர்ப்புறம் (%) |
|---|---|---|---|
| 1951 | 3,01,19,047 | 1007 | 24.35 |
| 1961 | 3,36,86,953 | 992 | 26.69 |
| 1971 | 4,11,99,168 | 978 | 30.26 |
| 1981 | 4,84,08,077 | 977 | 32.95 |
| 1991 | 5,58,58,946 | 974 | 34.15 |
| 2001 | 6,24,05,679 | 987 | 44.04 |
| 2011 | 7,21,47,030 | 996 | 48.40 |

முதலில் அட்டவணை

தலைப்புக்கு ஒரே ஒரு வரிசை. அதற்குக் கீழே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வரிசை. நடுவில் வெற்று வரிசையோ ‘மொத்தம்’ என்ற வரிசையோ இணைத்த செல்லோ வேண்டாம். மொத்தத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த ஒரு தூண் மற்ற எல்லாவற்றையும் குட்டையாக்கிவிடும். வட்டப் படமாக இருந்தால் பாதி வட்டத்தை அதுவே பிடித்துக்கொள்ளும்.

பிடிஎஃப் கோப்பிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ எண்களை ஒட்டினால் அவை எழுத்தாக உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வியூ மெனுவில் ‘வேல்யூ ஹைலைட்டிங்’ என்பதை அழுத்துங்கள். குறுக்கு விசை கன்ட்ரோல் + எஃப்8. உண்மையான எண்கள் நீலமாகும், ஃபார்முலாக்கள் பச்சையாகும், எழுத்துகள் கறுப்பாகவே இருக்கும். எண் நெடுவரிசையில் கறுப்பாக எது தெரிந்தாலும் சார்ட்டில் அது எண்ணாக வராது.

சரிசெய்ய, அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + 1 அழுத்தி, வகையை ‘டெக்ஸ்ட்’ என்பதிலிருந்து ‘நம்பர்’ என்று மாற்றுங்கள். பிறகு கன்ட்ரோல் + எச் அழுத்தி, காற்புள்ளியைத் தேடி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். வரிசை முக்கியம். செல் டெக்ஸ்ட் வகையிலேயே இருந்தால் காற்புள்ளி போன பிறகும் அது எழுத்தாகவே நிற்கும். ‘டேட்டா’ மெனுவில் உள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வழியாகவும் எண்ணாக்கலாம். அங்கே பிரிப்பான் பட்டியலில் காற்புள்ளிக்கு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 7,21,47,030 நான்கு செல்களாகச் சிதறி, பக்கத்து நெடுவரிசைகளையும் அழிக்கும்.

லட்சம், கோடி முறையில் காற்புள்ளி வேண்டுமென்றால் அதை எண்ணுக்குள் தட்டச்சு செய்யாமல் வடிவமாகக் கொடுங்கள். கன்ட்ரோல் + 1 பெட்டியில் ‘ஃபார்மேட் கோட்’ என்ற இடத்தில் இதை ஒட்டலாம்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

சார்ட்டுக்கு எட்டு இலக்க எண்ணை அப்படியே கொடுப்பதைவிட லட்சத்தில் கொடுப்பது நல்லது. மக்கள்தொகையை 100000-ஆல் வகுத்து இன்னொரு நெடுவரிசையில் போட்டு, அதன் தலைப்பில் ‘லட்சத்தில்’ என்று எழுதிவிடுங்கள். அச்சில் 0, 200, 400, 600, 800 என்று வரும். படிப்பவர் பூஜ்யங்களை எண்ண வேண்டியதில்லை.

தேதி வடிவம் பற்றியும் ஒரு வார்த்தை. 1951 என்பது வெறும் எண். ஆண்டு நெடுவரிசையைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் மென்பொருள் அதை 1951-ஆவது நாளாக எடுத்துக்கொண்டு 1905 மே 4 என்று காட்டும். அச்சில் 1905 எட்டிப்பார்த்தால் காரணம் இதுதான்.

தூண் படம்: சார்ட் விசார்டில் ஒரு முழுச் சுற்று

ஆண்டு, லட்சத்தில் மக்கள்தொகை ஆகிய இரண்டு நெடுவரிசைகளையும் தலைப்போடு தேர்ந்தெடுங்கள். அருகருகே இல்லையென்றால் ஒன்றைத் தேர்ந்து, கன்ட்ரோலை அழுத்தியபடியே மற்றதைத் தேருங்கள். இன்சர்ட் மெனுவில் ‘சார்ட்’. விசார்ட் நான்கு படிகளாக வரும்: சார்ட் டைப், டேட்டா ரேஞ்ச், டேட்டா சீரிஸ், சார்ட் எலிமென்ட்ஸ்.

முதல் படியில் ‘காலம்’ (Column, அதாவது தூண்), அதில் ‘நார்மல்’. முப்பரிமாணத் தேர்வைத் தொடவே வேண்டாம். தூணின் எந்த விளிம்பை அச்சோடு ஒப்பிடுவது என்று அதில் தெரியாது, பின்னால் நிற்கும் தூண்கள் மறையும்.

இரண்டாம் படிதான் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ‘ஃபர்ஸ்ட் ரோ ஆஸ் லேபிள்’, ‘ஃபர்ஸ்ட் காலம் ஆஸ் லேபிள்’ இரண்டுக்கும் டிக் இருக்க வேண்டும். இரண்டாவது டிக் இல்லாவிட்டால் 1951, 1961 என்பவை அளவுகளாகக் கருதப்பட்டு, 721 லட்சத்துக்குப் பக்கத்தில் 2011 உயரத்துக்குத் தூண் எழும். எக்செலில் இதே தொல்லை வந்தால் ஆண்டு நெடுவரிசையின் தலைப்புச் செல்லைக் காலியாக விட்டுவிட்டுச் சார்ட்டைப் புதிதாகப் போடுங்கள். ஏற்கெனவே போட்டதென்றால் ‘செலக்ட் டேட்டா’ பெட்டியில் ஆண்டுத் தொடரை நீக்கி, கிடை அச்சின் லேபிளாக அதே செல்களைக் கொடுங்கள். ‘டேட்டா சீரிஸ் இன் காலம்ஸ்’ என்பதும் தேர்வாகியிருக்க வேண்டும். அது ‘ரோஸ்’ என்று மாறியிருந்தால் ஏழு ஆண்டுக்கு ஏழு நிறத்தில் தூண் வரும்.

மூன்றாம் படியை அப்படியே கடக்கலாம். நான்காவதில் தலைப்பும் அச்சுப் பெயர்களும். ஒரே ஒரு தொடர் இருக்கும்போது லெஜண்ட் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல்) தேவையில்லை, டிக்கை எடுத்துவிடுங்கள்.

படம் வந்தபின் மாற்றங்கள் செய்ய அதை இரட்டைக் கிளிக் செய்து உள்ளே போக வேண்டும். ஒரு கிளிக் செய்தால் படம் ஒரு பொருளாக மட்டுமே தேர்வாகும். வலது கிளிக்கில் தேடும் கட்டளை கிடைக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உள்ளே போனபின் தூணின் மேல் வலது கிளிக், ‘ஃபார்மேட் டேட்டா சீரிஸ்’, அதில் ‘ஆப்ஷன்ஸ்’. ஸ்பேசிங் 100% என்பது தூணின் அகலத்துக்குச் சமமான இடைவெளி. அதை 50% முதல் 60% வரை குறைத்தால் பார்வைக்கு அடக்கமாக இருக்கும்.

தூணா, கோடா? அச்சு எங்கே தொடங்க வேண்டும்?

பாலின விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1951-இல் 1007. படிப்படியாகக் குறைந்து 1991-இல் 974. பிறகு ஏறி 2011-இல் 996. மொத்த வேறுபாடு 33. இதைத் தூண் படமாக, 0 முதல் 1200 வரை அச்சு வைத்து, 8 செ.மீ. உயரத்தில் போட்டால் அந்த 33 என்பது 2.2 மில்லிமீட்டர். ஏழு தூண்களும் ஒரே உயரமாகத் தெரியும். நாற்பது ஆண்டு இறக்கமும் அதன்பின் வந்த ஏற்றமும் கண்ணுக்கே படாது.

சரி, அச்சை 970-இல் தொடங்கினால்? 1951-இன் தூண் 37 அலகு, 1991-இன் தூண் 4 அலகு. ஒன்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம் தெரியும். பெண்களே இல்லாமல் போய்விட்டதுபோல் ஒரு படம். தூணில் நாம் படிப்பது அதன் நீளத்தை. அடிப்பகுதியை வெட்டினால் நீளங்களின் விகிதம் பொய்யாகிவிடும். தூணுக்கும் பட்டைக்கும் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், இதில் விதிவிலக்கே இல்லை.

கோட்டுப் படத்தில் நாம் படிப்பது சாய்வையும் இடத்தையும்தான். அங்கே அச்சை 960 முதல் 1020 வரை வைக்கலாம். அதனால் இந்தத் தரவுக்குக் கோடுதான் சரி. செய்முறை: நிலை அச்சில் இரட்டைக் கிளிக், ‘ஸ்கேல்’ தாவல், மினிமம், மேக்ஸிமம், மேஜர் இன்டர்வல் மூன்றுக்கும் எதிரே உள்ள ‘ஆட்டோமேட்டிக்’ டிக்கை எடுத்துவிட்டு 960, 1020, 10 என்று கொடுங்கள். தானியங்கியாக விட்டால் நாளை ஒரு வரிசை சேர்த்ததும் அச்சு தானாக மாறிவிடும். எக்செல் தூண் படத்திலும்கூட இந்த விஷயத்தில் கவனம் தேவை: பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு, பெரிய மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், அதன் தானியங்கி அச்சு பூஜ்யத்தை விட்டுவிட்டு மேலேயே தொடங்கும். நம் தரவில் அந்த வேறுபாடு 3.3% மட்டுமே.

இந்தக் கோட்டோடு 1000 என்ற சமநிலைக் கோடும் இருந்தால் படம் தானே பேசும். அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை சேர்த்து ஏழு வரிசையிலும் 1000 என்று நிரப்பி, அதையும் தொடராகச் சேருங்கள். அதன் நிறத்தை வெளிர் சாம்பலாகவும் கோட்டை விட்டுவிட்டு வருவதாகவும் மாற்றி, புள்ளிக்குறிகளை நீக்கிவிடுங்கள். இலக்கு, சராசரி, தேர்ச்சி எல்லை என எதைக் கிடைக்கோடாகக் காட்டுவதற்கும் இதே உத்திதான்.

இடைவெளி சமமில்லாத ஆண்டுகள்

கோட்டுப் படத்தில் ஒரு மறைவான பள்ளம் இருக்கிறது. அதன் கிடை அச்சு எண்களைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே அளவு இடத்தை ஒதுக்கும். இந்தியாவில் 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு அடிப்படையாகக் கொள்ளும் நாள், நாட்டின் பெரும்பகுதிக்கு, 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண் வந்ததும் அட்டவணையில் எட்டாவது வரிசையாகச் சேர்த்தால், 2011-க்கும் 2027-க்கும் இடையிலான 16 ஆண்டு வளர்ச்சி 10 ஆண்டு அகலத்துக்குள் அடைக்கப்படும். மக்கள்தொகை திடீரென வேகமெடுத்ததுபோல் கோடு செங்குத்தாக ஏறும். எண்கள் சரி, படம் தவறு.

இதற்கு ‘எக்ஸ்ஒய் ஸ்கேட்டர்’ வகையைத் தேர்ந்து, அதில் ‘பாயின்ட்ஸ் அண்ட் லைன்ஸ்’ என்பதை எடுங்கள். இந்த வகை மட்டுமே ஆண்டை எண்ணாக மதித்து அதற்குரிய இடத்தில் புள்ளி வைக்கும். கிடை அச்சின் ஸ்கேலில் 1951, 2031, இடைவெளி 10 என்று கொடுங்கள். தரவு வரிசை குலைந்திருந்தால் கோடு முன்னும் பின்னும் போய் வலைபோல் பின்னிக்கொள்ளும். ‘சோர்ட் பை எக்ஸ் வேல்யூஸ்’ (Sort by X values) என்ற டிக் அதைத் தீர்க்கும். ஆண்டுகள் எழுத்தாக உட்கார்ந்திருந்தால் மென்பொருள் எச்சரிக்காமலே அவற்றை 1, 2, 3 என்று எடுத்துக்கொள்ளும். அச்சில் அப்படி வந்தால் மறுபடி கன்ட்ரோல் + எஃப்8.

2021 என்று ஆண்டை மட்டும் எழுதிய ஒரு வரிசையை அட்டவணையில் வைத்திருந்தால், அதன் மதிப்புச் செல்லில் 0 என்று எழுதிவிடாதீர்கள். காலியாக விடுங்கள். பிறகு தொடரின் ஆப்ஷன்ஸ் தாவலில் ‘பிளாட் மிஸ்ஸிங் வேல்யூஸ்’ என்ற இடத்தில் ‘லீவ் கேப்’ என்று வையுங்கள். ‘கன்டின்யூ லைன்’ என்பது இல்லாத தரவை இருப்பதுபோல் காட்டும். ‘அஸ்யூம் ஜீரோ’ கோட்டைத் தரைக்குக் கொண்டுபோகும்.

அடுக்குத் தூண்: அளவும் பங்கும்

நகரம், கிராமம் என்று பிரித்த எண்கள், லட்சத்தில்:

1991: கிராமம் 367.8, நகரம் 190.8
2001: கிராமம் 349.2, நகரம் 274.8
2011: கிராமம் 372.3, நகரம் 349.2

காலம் வகையில் ‘ஸ்டேக்டு’, ‘பர்சென்ட் ஸ்டேக்டு’ என்று இரண்டு உண்டு. இரண்டையும் போட்டுப் பாருங்கள். விழுக்காட்டு அடுக்கில் கிராமத்தின் பங்கு தொடர்ந்து இறங்கி 51.6%-க்கு வருவது மட்டும் தெரியும். சாதாரண அடுக்கில் வேறொரு கதை: 1991-க்கும் 2001-க்கும் இடையே கிராம மக்கள் 18 லட்சத்துக்கும் மேல் குறைந்து, அடுத்த பத்தாண்டில் 23 லட்சம் கூடியிருக்கிறார்கள். பங்கு குறைந்தாலும் 2001–2011-இல் ஆள் எண்ணிக்கை கூடியது. விழுக்காட்டு அடுக்கு மட்டும் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

அந்த 18 லட்சம் பேரும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதிவிடவும் கூடாது. பேரூராட்சிகள் பலவும் நகரப் பட்டியலுக்குள் வந்ததால், மாநிலத்தில் நகரம் என்று கணக்கிடப்பட்டவை 1991-இல் 469-ஆக இருந்து 2001-இல் 832 ஆயின. 2011-இல் அது 1097. அந்தக் கூடுதல் முழுக்கக் கணக்கெடுப்புத் துறை ‘நகரம்’ என்று வகைப்படுத்திய ஊர்களால் வந்தது. அவை 111-லிருந்து 376 ஆயின. வரையறையும் வகைப்பாடும் மாறிய இடத்தில் சார்ட்டிலேயே ஒரு வரிக் குறிப்பு போடுவது கட்டாயம். சார்ட்டின் உள்ளே இருக்கும்போது இன்சர்ட் மெனுவில் ‘டைட்டில்ஸ்’ திறந்து, ‘சப்டைட்டில்’ பெட்டியில் அதை எழுதலாம்.

அடுக்கும் வரிசையை அட்டவணைதான் முடிவு செய்கிறது. முதல் நெடுவரிசை அடியில் போகும். அடியில் இருக்கும் தொடருக்கு மட்டுமே பொதுவான தரை உண்டு, அதை மட்டுமே ஆண்டுக்கு ஆண்டு சரியாக ஒப்பிட முடியும். எதைப் பற்றிப் பேசப்போகிறீர்களோ அதை முதல் நெடுவரிசையில் வையுங்கள். நான்கு அடுக்குக்கு மேல் போனால் நடு அடுக்குகளை யாராலும் படிக்க முடியாது. அப்போது கோடுகளாகப் பிரித்துவிடுவதே மேல்.

பட்டைப் படம்: பெயர்கள் நீளமாக இருக்கும்போது

2011 கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். ‘திருவண்ணாமலை’, ‘கிருஷ்ணகிரி’, ‘ராமநாதபுரம்’ போன்ற பெயர்களைத் தூண்களுக்குக் கீழே வைத்தால் 45 பாகை சாயும், இல்லாவிட்டால் ஒன்றுவிட்டு ஒன்று மறைந்துபோகும். ‘பார்’ வகையைத் தேர்ந்தால் பெயர்கள் இடப்பக்கம் நேராக நிற்கும். 32 பட்டைக்குப் படத்தின் உயரம் குறைந்தது 18 செ.மீ. வேண்டும்.

பட்டைப் படத்தில் அட்டவணையின் முதல் வரிசை அடியில் போய் நிற்கும். பெரியது மேலே வர வேண்டுமென்றால் அட்டவணையை ஏறுவரிசையில் அடுக்குங்கள். அல்லது பெயர்கள் உள்ள அச்சில் இரட்டைக் கிளிக் செய்து ஸ்கேல் தாவலில் ‘ரிவர்ஸ் டைரக்‌ஷன்’ போடுங்கள். அகர வரிசையில் அடுக்கிய பட்டைப் படம், குறிப்பிட்ட மாவட்டத்தைத் தேடுபவருக்கு மட்டுமே உதவும்.

எண்களைப் பட்டையின் முனையில் காட்ட, வலது கிளிக்கில் ‘இன்சர்ட் டேட்டா லேபிள்ஸ்’. தசம இடத்தைக் கவனியுங்கள். விழுப்புரம் 34,58,873. கோயம்புத்தூர் 34,58,045. லட்சத்தில் ஒரு தசம இடம் வைத்தால் இரண்டுக்கும் 34.6 என்றே வரும், ஆனால் ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கும். படிப்பவர் காரணம் கேட்பார். 828 பேர் வித்தியாசம் முக்கியமில்லையென்றால் அப்படியே விடலாம். முக்கியமென்றால் முழு எண்ணைப் போடுங்கள். இரண்டு தசமம் சேர்த்தால் 34.59, 34.58 என்று வந்து வேலை முடியும்.

ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை மறுபக்கமும் காட்டும் வயதுக் கூம்பும் பட்டைப் படம்தான். வயதுப் பிரிவு, ஆண், பெண் என்று மூன்று நெடுவரிசை வைத்து, ஆண் எண்களை -1-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பார், நார்மல். தொடரின் ஆப்ஷன்ஸில் ஓவர்லேப் 100%, ஸ்பேசிங் 5%. அளவு அச்சின் எண் வடிவத்தில் 0;0 என்று கொடுத்தால் கழித்தல் குறி மறையும். வயதுப் பெயர்கள் படத்தின் நடுவில் பட்டைமேல் ஏறி நிற்கும். அந்த அச்சின் ‘பொசிஷனிங்’ தாவலில் லேபிள் இடத்தை ‘அவுட்சைட் ஸ்டார்ட்’ என்று மாற்றினால் ஓரத்துக்குப் போய்விடும். எக்செலில் அதற்குப் பெயர் ‘லோ’. முதல் வரிசை அடியில் நிற்கும் என்பதால் 0–4 வயது தானாகவே கீழே வந்துவிடும், எதையும் திருப்ப வேண்டாம்.

வட்டப் படம்

ஒரு முழுமையின் பங்குகள், அதுவும் ஐந்துக்குள் இருந்தால் மட்டும். தமிழ்நாட்டின் இயல்பு மழை இதற்குப் பொருத்தமான தரவு. மாநில அரசு ஆவணங்களில் நெடுநாள் புழங்கிவந்த அளவுகள்: குளிர்காலம் 31.3 மி.மீ., கோடை 128.0, தென்மேற்குப் பருவம் 321.2, வடகிழக்குப் பருவம் 440.4. மொத்தம் 920.9. வடகிழக்கு மட்டும் 47.8%, கிட்டத்தட்ட பாதி வட்டம். சொல்ல வேண்டியது ஒரே பார்வையில் வந்துவிடுகிறது.

கால்க்கில் துண்டுகள் இயல்பாக இடஞ்சுழியாக ஓடும். கடிகாரச் சுற்றுக்கு மாற்ற, ஆப்ஷன்ஸ் தாவலில் ‘கிளாக்வைஸ் டைரக்‌ஷன்’ டிக் போடுங்கள். தொடக்கக் கோணம் 90 பாகையாக இருக்கட்டும், அதுதான் பன்னிரண்டு மணி நிலை. லேபிளில் விழுக்காட்டையும் பெயரையும் சேர்த்துக் காட்டி லெஜண்டை நீக்கிவிடுங்கள். 3.4% துண்டில் எழுத்து அடங்காது. லேபிள் இடத்தை ‘அவுட்சைட்’ என்று வையுங்கள்.

ஒருவர் பல விடை தரக்கூடிய கணக்கெடுப்பு, கூட்டினால் 100 வராத விழுக்காடுகள், எதிர்மறை எண்கள் ஆகியவற்றுக்கு வட்டம் கூடாது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிட இரண்டு வட்டம் வைப்பதும் வேண்டாம், அடுக்குத் தூணே போதும்.

சிதறல் படமும் போக்குக் கோடும்

இரண்டு அளவுகளுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்க எக்ஸ்ஒய் ஸ்கேட்டர், ‘பாயின்ட்ஸ் ஒன்லி’. இடப்பக்க நெடுவரிசை கிடை அச்சுக்குப் போகும். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளில் மூன்றாவதை உள்ளிட்டுப் பாருங்கள். பயிற்சிக்கு இதைவிட நல்ல தரவு அமையாது:

கிடை: 10, 8, 13, 9, 11, 14, 6, 4, 12, 7, 5
நிலை: 7.46, 6.77, 12.74, 7.11, 7.81, 8.84, 6.08, 5.39, 8.15, 6.42, 5.73

புள்ளிகளின் மேல் வலது கிளிக், ‘இன்சர்ட் ட்ரெண்ட் லைன்’, ‘லீனியர்’. ‘ஷோ ஈக்குவேஷன்’ டிக் போட்டால் சாய்வு ஏறத்தாழ 0.5, வெட்டு ஏறத்தாழ 3 என்று வரும். நான்கு தொகுதிக்கும் இதே சமன்பாடு, இதே ஒட்டுறவு 0.816. எண்ணை மட்டும் பார்த்தால் நான்கும் ஒன்றுதான். ஆனால் இந்தத் தொகுதியில் பத்துப் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. 13-க்கு நேரே உள்ள 12.74 மட்டும் தனியே மேலே பறந்து, போக்குக் கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்தச் செல்லைக் காலி செய்து பாருங்கள். சாய்வு 0.35 அளவுக்கு இறங்கி, கோடு மற்ற எல்லாப் புள்ளிகளையும் தொட்டபடி போகும். போக்குக் கோடு போடும் முன் புள்ளிகளைக் கண்ணால் பார்க்கச் சொல்வது இதனால்தான். விலகி நிற்கும் புள்ளியை நீக்குவதற்கு முன் அது தட்டச்சுப் பிழையா, உண்மையான அளவா என்று மூலத்தில் சரிபாருங்கள்.

மதிப்பெண் பரவல்

ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதற்கு நிகழ்வுச் செவ்வகம். கால்க்கில் ‘ஃப்ரீக்வென்சி’ ஃபங்ஷன் மூலம் முதலில் எண்ணிக்கை எடுக்க வேண்டும். மேல் எல்லைகளை ஒரு நெடுவரிசையில் எழுதி, பக்கத்தில் ஃபார்முலாவை இட்டு, கன்ட்ரோல் + ஷிஃப்ட் + என்டர் அழுத்துங்கள். வெறும் என்டர் அழுத்தினால் ஒரே செல்லில் நின்றுவிடும்.

எல்லைகளைத் தேர்வதில்தான் விஷயம். இந்த ஃபங்ஷன் ‘எல்லை வரை, எல்லையும் சேர்த்து’ எண்ணும். 10, 20, 30, 40 என்று வைத்தால் தேர்ச்சி மதிப்பெண் 35 ஒரு செவ்வகத்தின் நடுவில் மாட்டிக்கொள்ளும். தேறியவரும் தேறாதவரும் ஒரே தூணில் கலந்துவிடுவார்கள். 4, 9, 14 … 29, 34, 39 என்று ஐந்தைந்தாக வைத்தால் 34-உடன் ஒரு செவ்வகம் முடிந்து 35 அடுத்ததில் தொடங்கும். படம் காலம் வகை, ஸ்பேசிங் 0%.

இரண்டு அச்சுப் படம்

மக்கள்தொகையைத் தூணாகவும் பாலின விகிதத்தைக் கோடாகவும் ஒரே படத்தில் போட ‘காலம் அண்ட் லைன்’ வகை. கோட்டுத் தொடரின் ஆப்ஷன்ஸில் ‘செகண்டரி ஒய் ஆக்சிஸ்’ தேர்ந்தெடுங்கள். செய்ய முடியும் என்பதால் சொல்கிறோம், பரிந்துரைப்பதற்கில்லை. கோடு தூண்களை எங்கே வெட்டுகிறது என்பது நீங்கள் கொடுத்த அச்சு எல்லையைப் பொறுத்தது. அந்த வெட்டுக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆனால் பார்ப்பவர் அதில் பொருள் தேடுவார். ஒரே கிடை அச்சோடு மேலும் கீழுமாக இரண்டு சிறிய படங்கள் வைத்தால் இந்தக் குழப்பம் எழாது.

தமிழ் எழுத்து, நிறம், ஏற்றுமதி

எழுத்தின் அளவை 14-ஆக மாற்றியும் தமிழ் மட்டும் மாறாமல் நிற்கிறதா? எழுத்துரு பெட்டியில் ‘வெஸ்டர்ன்’ பகுதியில் மாற்றியிருப்பீர்கள். தமிழுக்கு ‘சிடிஎல்’ என்ற பகுதி தனியாக இருக்கிறது. அது தெரியாவிட்டால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழி அமைப்புக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்பதற்கு டிக் போட்டு, மொழியைத் தமிழ் ஆக்குங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், விண்டோஸில் நிர்மலா யுஐ இரண்டும் சார்ட்டில் தெளிவாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த அட்டவணையை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு கணினியில் திறந்ததும் மாவட்டப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும்.

சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வைத்தால் நிறப் பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். நீலத்துக்கு 0, 114, 178, செம்மஞ்சளுக்கு 230, 159, 0 என்ற ஆர்ஜிபி எண்களைக் கொடுத்தால் எல்லோருக்கும் பிரித்தறிய முடியும். இவற்றில் ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர் என்பதால் கறுப்பு வெள்ளை நகலிலும் வேறுபாடு தங்கும்.

சார்ட்டின் அளவை ஏற்றுமதிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஒரு கிளிக்கில் தேர்ந்து எஃப்4 அழுத்தி, ‘பொசிஷன் அண்ட் சைஸ்’ பெட்டியில் 16 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம் கொடுக்கலாம். மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினால் எழுத்துக்கும் படத்துக்கும் உள்ள விகிதம் கெடும். பிறகு வலது கிளிக்கில் ‘எக்ஸ்போர்ட் ஆஸ் இமேஜ்’. அச்சுக்குப் பிஎன்ஜி என்றால் 300 டிபிஐ, 16 செ.மீ.க்கு 1890 பிக்சல் அகலம் வரும். ஜேபெக் வேண்டாம், எழுத்துகளின் ஓரத்தில் அழுக்குப் படிந்ததுபோல் வரும். எஸ்விஜி எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஆனால் எழுத்துரு அதனுள் சேர்ந்து போகாது. வாங்குபவர் கணினியில் அதே தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வேறொன்றில் திறந்து லேபிள்கள் இடம் மாறும். அச்சகத்துக்கு அனுப்புவதென்றால் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள், எழுத்துரு கோப்பிலேயே இருக்கும்.